விண்டோஸ் அடிக்கிறது: யாழ்ப்பாணத்து வீட்டுக் கணினியின் ஒரு சின்ன வரலாறு

எங்கட வீட்டில் ஒரு பழைய மேசைக் கணினி இருக்கு. நாங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த 2014 இல் அப்பா நகரத்துக் கடையொன்றில் வாங்கித் தந்தது. ரியூசன் குறிப்பு, படம், பாட்டு, பல்கலைக்கழகம் வந்த பிறகு ஒப்படைகள் என்று பத்து வருசத்துக்கு மேலாக உழைக்குது. போன வருசம் அதன் திரையில் ஓர் அறிவித்தல் வந்தது. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் நிற்கின்றன, விண்டோஸ் 11 க்கு மாறுங்கள் என்றது. மாறப் பார்த்தால், கணினிக்குத் தகுதி இல்லை என்று அதுவே சொன்னது.

தூக்கிக்கொண்டு கடைக்குப் போனனாங்கள். கடைக்கார அண்ணை பார்த்துவிட்டு, "பிரச்சினை இல்லை, வேற வழியால 11 அடிச்சுத் தாறன்" என்றார். "லைசன்ஸ் இருக்குமோ அண்ணை?" என்று கேட்டனாங்கள். சிரித்தார். "லைசன்ஸ் மோட்டச்சைக்கிளுக்குத்தான் தங்கச்சி" என்றார்.

வீட்டில வந்து இதைப் பகிடியாகச் சொல்ல, அம்மா சிரிக்கவில்லை. அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. சோதனை மண்டபத்தில் கொப்பி அடித்த பிள்ளையளை எழுப்பி வெளியில் விட்டவ. "அப்ப இவ்வளவு காலமும் உதுக்குள்ள இருந்தது கள்ளச் சாமானோ?" என்று கேட்டா.

எங்களுக்கு உடன பதில் சொல்லத் தெரியவில்லை. 'ஓம்' என்று சொன்னால் அப்பாவைக் கள்ளன் ஆக்கின மாதிரி. 'இல்லை' என்றால் பொய். யாழ்ப்பாணத்து வீட்டுக் கணினிகளுக்குள் இந்தச் சாமான் எப்படி வந்தது என்று தேடிப் பார்த்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் சொல்லைப் பாருங்கோ. எங்கட பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் 'பணிசெயல் முறைமை'. இணையத்தில் 'இயங்குதளம்' என்று எழுதுகிறார்கள். கடையில் இதற்கு ஒரே பெயர்தான், 'விண்டோஸ்'. அதையும் நாங்கள் 'நிறுவுவது' இல்லை, 'அடிக்கிறது'. "விண்டோஸ் அடிக்க வேணும்" என்றுதான் கதைப்போம். ஒரு வகைப் பொருளுக்கே ஒரு நிறுவனத்தின் பெயர் நின்றுவிட்டால், அங்கே தெரிவு என்று ஒன்று இருந்ததில்லை என்று அர்த்தம். எங்களில் எத்தனை பேரிடம் கணினி வாங்கும்போது "எந்த இயங்குதளம் வேணும்?" என்று ஆராவது கேட்டிருக்கினம்?

வரிசையில் நிற்காத சனம்

1995 ஓகஸ்ட் 24 அன்று மைக்ரோசொப்ட் விண்டோஸ் 95 ஐ வெளியிட்டது. அதை வாங்க நள்ளிரவில் கடை வாசல்களில் சனம் வரிசையில் நின்றது. கணினி அலுவலகத்தை விட்டு வீட்டுக்குள் வந்த காலம் அது.

அந்த நேரம் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. 1990 இல் லக்சபானவிலிருந்து வந்த மின்சாரம் நின்றுபோனது. பொருளாதாரத் தடையில் எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் அடங்கின. அந்தக் காலத்தைப் பற்றி எங்கட வீடுகளில் இன்னும் கதைக்கிறார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் வைத்து எரித்த சிக்கன விளக்கு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் கேட்ட வானொலிச் செய்தி. ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின மோட்டச்சைக்கிள். கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சடித்து வந்த பத்திரிகை.

விண்டோஸ் 95 வந்து 67 நாளில், ஒக்டோபர் 30 ஆம் திகதி, வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் மழைக்குள்ளால் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தது. கையில் எடுத்தது பிள்ளைகளையும் காணி உறுதிகளையும்.

இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை. உலகம் ஒரு பொருளைக் கடையில் காசு கொடுத்து, பெட்டியோடு, உரிமத்தோடு வாங்கிப் பழகின வருசங்களில் நாங்கள் வேறொன்றைப் பழகினோம். கிடைக்கிறதை வைத்துச் சமாளிக்கிறது, ஒன்றை இன்னொன்றாய் மாத்தி ஓட வைக்கிறது, ஒரு ஆளிடம் இருப்பதை பத்துப் பேருக்குப் பகிர்வது. 'ஒரிஜினல்', 'உத்தரவாதம்', 'உரிமம்' என்ற சொற்களுக்கு அந்த வாழ்க்கையில் இடம் இருக்கவில்லை.

பாதை திறந்தது, சீடி வந்தது

2002 பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த உடன்படிக்கை. ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. கொழும்பிலிருந்து லொறிகள் வந்தன. மோட்டார் சைக்கிள், தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டியோடு கணினியும் வந்தது. அதிகமானவை கடையில் பாகம் பாகமாகப் பொருத்திக் கொடுத்த கணினிகள். மதர்போட்டுக்கு விலை, ராமுக்கு விலை, மொனிற்றருக்கு விலை, எல்லாவற்றுக்கும் பில்லில் ஒவ்வொரு வரி இருக்கும். இயங்குதளத்துக்கு மட்டும் வரி இருக்காது. அது சும்மா வரும்.

அப்போது அப்படி வந்தது விண்டோஸ் எக்ஸ்பி. அது 2001 ஒக்டோபர் 25 இல் வெளியானது. வீட்டுப் பாவனையாளரும் நிறுவனத்திடம் பதிந்து 'செயற்படுத்த' வேண்டும் என்ற முறையை மைக்ரோசொப்ட் அதில்தான் பரவலாகக் கொண்டுவந்தது. ஆனால் பெரிய நிறுவனங்களுக்காகக் கொடுத்த, செயற்படுத்தல் தேவைப்படாத ஒரு திறவுச்சொல் எக்ஸ்பி கடைக்கு வர முன்னமே வெளியில் கசிந்துவிட்டது. உலகம் முழுக்க அந்த ஒரே எண்ணை சீடியின் மேல் மாக்கரால் எழுதிக் கைமாற்றினார்கள். இது எங்கட ஊரின் தனிக் குற்றம் இல்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. அவ்வப்போது ஒரு மதிப்பீடு வெளியிடும். அதன்படி இலங்கையில் நிறுவப்பட்டிருந்த மென்பொருட்களில் உரிமம் இல்லாதவை 2011 இல் 84 வீதம், 2017 இல் 77 வீதம். 2017 இல் உலகச் சராசரி 37 வீதம். விற்கிறவர்களின் கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாலும், ஒரு விசயம் தெளிவு: இலங்கையில் உரிமம் வாங்கிய வீடுதான் விதிவிலக்கு.

இந்தச் சும்மாவுக்கு ஒரு விலையும் இருந்தது. எங்கட சின்ன வயதில் விண்டோஸ் 7 திடீரென்று கறுப்புத் திரையாகி, மூலையில் 'இது உண்மையான பிரதி இல்லை' என்று காட்டும். அப்பா கடைக்குக் கொண்டுபோவார். அவர்கள் கிராக் ஒன்றைப் போட்டு, இனி இப்படி வராமல் இருக்க இற்றைப்படுத்தலையும் நிறுத்தி விடுவார்கள். இந்தக் கடைசி வேலைதான் ஆபத்து. 2017 மார்ச்சில் மைக்ரோசொப்ட் ஒரு பெரிய ஓட்டையை அடைக்கும் இற்றைப்படுத்தலை வெளியிட்டது. இரண்டு மாதம் கழித்து, மே 12 இல், 'வன்னாக்கிரை' என்ற தீநிரல் அதே ஓட்டையால் நுழைந்து சுமார் 150 நாடுகளில் கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப்போட்டுக் கப்பம் கேட்டது. இற்றைப்படுத்தியவர்கள் தப்பினார்கள். இற்றைப்படுத்தலை நிறுத்தி வைத்த கணினி கதவில்லாத வீடு மாதிரி.

சட்டம் எங்கிருந்து வந்தது?

மென்பொருளுக்குத் தனியாகக் காசு கேட்பதே ஒரு காலத்தில் புதுமையாக இருந்தது. கணினி விற்றவர்கள் நிரலைக் கூடவே கொடுத்தார்கள், பாவித்தவர்கள் தங்களுக்குள் பகிர்ந்தார்கள். 1976 பெப்ரவரியில் 20 வயதுப் பொடியன் ஒருவர் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தாங்கள் எழுதிய பேசிக் மென்பொருளைப் பாவிக்கிற ஆட்களில் பெரும்பாலானவர்கள் காசு கொடுக்கவில்லை, திருடுகிறார்கள் என்பது அவரது முறைப்பாடு. அவர் பெயர் பில் கேட்ஸ்.

அப்போதும் இயங்குதளத்துக்குப் பதிப்புரிமை உண்டா என்பது தீராத கேள்வி. ஃபிராங்க்ளின் என்ற நிறுவனம் அப்பிளின் இயங்குதள நிரல்களை அப்படியே பிரதி பண்ணித் தன் கணினியில் விற்றது. மனிதர் வாசிப்பதற்காக எழுதப்படாத, இயந்திரத்தை இயக்க மட்டும் எழுதப்பட்ட ஒன்றுக்கு எழுத்தாளர் உரிமை எப்படி வரும் என்று அது வாதிட்டது. 1983 ஓகஸ்ட் 30 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. இயங்குதளத்துக்கும் பதிப்புரிமை உண்டு என்றது. அந்த 1983 எங்கட சனத்துக்கு யூலையால் நினைவில் நிற்கிற வருசம். அதே வருசத்தில்தான் எங்கோ ஒரு நீதிமன்றத்தில் எங்கட வீட்டுக் கணினியின் சட்டமும் எழுதப்பட்டது.

1995 இல் உலக வர்த்தக அமைப்பு தொடங்கியது. உறுப்பு நாடுகள் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதிப் பாதுகாக்க வேண்டும் என்று அதன் உடன்படிக்கை சொன்னது. இலங்கை அந்தக் கடப்பாட்டோடு 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டம் கணினி நிரலை நூல்கள், துண்டுப்பிரசுரங்கள், கட்டுரைகள் என்பவற்றோடு ஒரே வரியில் வைக்கிறது. கலைப்பீடத்துப் பிள்ளைகளான எங்களுக்கு இது ஆச்சரியமாக இருந்தது. சட்டத்தின் கண்ணில் விண்டோஸும் ஒரு நாவலும் ஒரே இனம்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சொந்தப் பாவனைக்காக ஒரு படைப்பைத் தனிப் பிரதி எடுக்கச் சட்டம் தரும் சலுகை, கணினி நிரலுக்குப் பொருந்தாது. சட்டப்படி வாங்கியவர் காப்புக்கு ஒரு பிரதி வைத்திருக்கலாம், அவ்வளவுதான். தெரிந்தே உரிமையை மீறினால் ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டப்பணம், அல்லது ஆறு மாதச் சிறை, அல்லது இரண்டும். முழுப் புத்தகத்தைப் போட்டோக்கொப்பி எடுப்பதும் அந்தச் சலுகைக்குள் வராது என்பதையும் படித்தபோது, எங்கட அலுமாரியில் சுருள் கட்டி அடுக்கி வைத்திருக்கிற பாடநூல்களை ஒருக்கால் திரும்பிப் பார்த்தனாங்கள்.

சட்டம் வந்த 2003 இல் ஏ9 திறந்துதான் இருந்தது. சீடி வந்த அதே காலத்தில் சட்டமும் வந்தது. சீடி மட்டும் வீடு வரைக்கும் வந்தது.

எரிந்த நூலகமும் கொப்பியும்

இந்த இடத்தில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது. பிரதி எடுப்பது பிழை என்று யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எப்படிச் சொல்வது?

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 அளவிலான நூல்களும் வேறு பிரதியே இல்லாத ஏடுகளும் போயின. இன்னொரு பிரதி எங்காவது இருந்த புத்தகம் திரும்பி வந்தது. இல்லாதது இல்லாமலே போனது. அதற்குத் தொண்ணூறு வருசத்துக்கும் முன்னமே சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஊர் ஊராக ஏடு தேடி, ஒப்பிட்டு, பெயர்த்தெழுதி, 1887 இல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தார். கொப்பி எடுத்ததால்தான் தமிழ் இலக்கியமே எங்களுக்குக் கிடைத்திருக்கு.

2005 இல் தி. கோபிநாத், மு. மயூரன் ஆகியோர் தொடங்கிய நூலகம் திட்டம் இதன் தொடர்ச்சி. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், செத்தவீட்டுக் கல்வெட்டுகள் வரை வருடி, எண்ணிமமாக்கி, யாரும் வாசிக்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். எங்கட ஒப்படைகளில் பாதி அதை நம்பித்தான் எழுதப்படுகிறது.

ஆக, எங்கட ஊரில் பிரதி எடுப்பது வெறும் கஞ்சத்தனம் இல்லை. அது ஒரு தற்காப்பு. இதைச் சொல்லிக் கள்ள விண்டோஸையும் நியாயப்படுத்தலாம்தானே என்று எங்களில் ஒரு ஆள் கேட்டது. யோசித்துப் பார்த்தால் முடியாது. பெயர்த்தெழுதிய கலித்தொகை எழுதியவரின் கைக்கு முழுதாக வந்தது. வாசிக்கலாம், திருத்தலாம், உரை எழுதலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பிரதி பண்ணின விண்டோஸ் அப்படி எங்கட கைக்கு வரவே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது, மாற்ற முடியாது. எப்போது முடியும் என்பதையும் வேறு ஆட்கள் தீர்மானிக்கிறார்கள். கிராக் போட்டவர் கூட என்ன போட்டார் என்றும் தெரியாது. பத்து வருசம் வீட்டில் வைத்திருந்தும் ஒரு நாள் கூட அது எங்கட சாமானாக இருந்ததில்லை. ஒக்டோபர் 14 அதைத்தான் காட்டித் தந்தது.

கொப்பி அடிக்கச் சொல்லும் உரிமம்

அப்பிள் வழக்கின் தீர்ப்பு வந்து ஒரு மாதம் ஆக முன்னம், 1983 செப்டெம்பர் 27 இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். யாரும் பாவிக்கவும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய ஒரு முழு இயங்குதளத்தை எழுதுவது அதன் நோக்கம். அவர் பதிப்புரிமைச் சட்டத்தை மீறச் சொல்லவில்லை. அந்தச் சட்டத்தையே எடுத்துத் திருப்பிப் பிடித்தார். 1989 இல் வந்த குனூ பொது உரிமத்தின் சாரம் இதுதான்: இதை நீங்கள் பிரதி எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது இதே உரிமையோடு கொடுக்க வேண்டும்.

1991 இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக எழுதிய ஒரு கருவை வெளியிட்டார். அடுத்த வருசம் அதை அந்த உரிமத்துக்குக் கீழ் கொண்டுவந்தார். அதுதான் லினக்ஸ். எங்கட வயது ஆள்.

அது எங்களுக்குத் தூரத்துச் சங்கதியும் இல்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்குக் கரையையும் அள்ளிக்கொண்டு போனது. அந்த நாட்களில் காணாமல் போனவர்கள், முகாம்கள், நிவாரணம் எல்லாவற்றையும் பதிவதற்கு இலங்கைத் தன்னார்வ நிரலாளர்கள் 'சஹானா' என்ற கட்டற்ற மென்பொருளை எழுதினார்கள். அடுத்த வருசம் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2010 இல் ஹெயிட்டிக்கும் அதை எடுத்துப் பாவித்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்கத் தேவைப்படவில்லை. மேலே சொன்ன நூலகம் தளமும் விக்கிப்பீடியா ஓடுகிற அதே கட்டற்ற மென்பொருளில்தான் ஓடுகிறது.

தமிழிலும் வேலை நடந்திருக்கு. 2000 களின் தொடக்கத்திலிருந்தே தமிழகம், இலங்கை, மலேசியா, புலம்பெயர் நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் லினக்ஸின் திரைச் சொற்களைத் தமிழாக்கினார்கள். 2012 இலிருந்து 'கணியம்' இதழ் இவற்றைத் தமிழில் விளக்கி எழுதுகிறது. கேரள அரசு தன் பாடசாலைகளின் கணினிக் கல்வியையே கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. தமிழ்நாட்டில் 2011 இலிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சிடாக் உருவாக்கிய பொஸ் லினக்ஸும் இருந்தது.

பிறகு ஏன் எங்கட வீடுகளுக்கு இது வரவில்லை? எங்களுக்குத் தெரிந்த பெரிய காரணம் இரண்டு. ஒன்று, பக்கத்து வீட்டிலும் கடையிலும் ரியூசனிலும் இருந்தது விண்டோஸ். சும்மா கிடைக்கிற விண்டோஸுக்கு முன்னால், சும்மா கிடைக்கிற லினக்ஸுக்கு விலை என்ற பலம் இல்லாமல் போனது. இரண்டாவது பாமினி. யாழ்ப்பாணத்தில் கலியாணக் காட், நினைவு மலர், ரியூசன் வினாத்தாள் எல்லாம் பாமினி எழுத்துருவில் பேஜ்மேக்கரில் அடிக்கப்பட்டவை. அந்த எழுத்தும் அந்த மென்பொருளும் எங்களை விண்டோஸோடு கட்டிப்போட்டன. எங்கட சித்தி வீட்டிலிருந்து கல்வெட்டு வடிவமைக்கிறவ. கடைசிப் பதிப்பு 2001 இல் வந்த பேஜ்மேக்கரில்தான் அவவின்ர கை ஓடும். அவவை மாறு என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. அவவின்ர சோறு அதில இருக்கு.

நாங்கள் கடைசியில் செய்தது

எங்களுக்கு முன்னால் மூன்று நேரான வழிகள் இருந்தன.

முதலாவது, விண்டோஸ் 11 ஐக் காசு கொடுத்து வாங்குவது. வீட்டுப் பதிப்பின் விலை 139 அமெரிக்க டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 41,700 ரூபா. மகாபொல 2025 இல்தான் மாதம் 5,000 இலிருந்து 7,500 ரூபாவானது. புதுக் கணக்கிலும் ஐந்தரை மாதக் காசு. அதோடு முடியாது. எட்டாம் தலைமுறைக்கு முந்தின இன்டெல் புரொசசரை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது என்பதால் கணினியும் புதிது வேண்டும்.

இரண்டாவது, விண்டோஸ் 10 க்கே 2026 ஒக்டோபர் வரை கிடைக்கிற ஒரு வருட மேலதிகப் பாதுகாப்பில் சேர்வது. அது உரிமம் உள்ளவர்களுக்கு. எங்களிடம் அது இல்லை. நீங்கள் மடிக்கணினி வாங்கினவை என்றால் முதலில் இதைப் பாருங்கோ. பல மடிக்கணினிகள் நிறுவனத்திலிருந்தே உரிமத்தோடு வரும். பெட்டி, பில், அடியில் உள்ள ஸ்டிக்கர் என்பவற்றைத் தேடுங்கோ. அமைப்புகளில் 'செயற்படுத்தப்பட்டது' என்று இருந்தால் மட்டும் போதாது, கிராக்கும் அதைத்தான் காட்டும்.

மூன்றாவது லினக்ஸ். அதில் நூற்றுக்கணக்கான வகை இருக்கு. நாங்கள் லினக்ஸ் மின்ட் 22 ஐத் தெரிந்தெடுத்தோம். எங்கட கணினியின் 4 ஜிபி ராம் அதற்குக் காணும், விண்டோஸ் பழகிய கண்ணுக்குத் திரை அந்நியமாகத் தெரியாது, 2029 வரை இற்றைப்படுத்தல் வரும்.

முதல் வேலையாகப் படங்கள், ஒப்படைகள் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்தோம். இதை விட்டுவிட்டு மற்றதைத் தொட வேண்டாம். பிறகு மின்டின் சொந்தத் தளத்திலிருந்து சுமார் 3 ஜிபி கோப்பை இரவு டேட்டாவில் இறக்கினோம். இறங்கினது பழுதில்லாத அசல்தானா என்று, தளத்தில் கொடுத்திருக்கிற சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டோம். ஏடு ஒப்பிட்ட ஊர்க்காரருக்கு இது பெரிய வேலை இல்லை. கோப்பை ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென்டிரைவில் எழுதி, கணினியை அதிலிருந்து தொடங்கினோம். நிறுவாமலே ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சத்தம், பிரிண்டர் எல்லாம் பிடிக்குதா என்று பார்த்த பிறகுதான் 'நிறுவு' என்ற பொத்தானை அமத்தினோம். மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது. அரை மணித்தியாலத்தில் முடிந்தது. யாரும் சீரியல் எண் கேட்கவில்லை.

எல்லாம் சுகமாகப் போகவில்லை. பாமினியில் அடித்த பழைய குறிப்புகள் திறந்தவுடன் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரிந்தன. சுரதா யாழ்வாணனின் எழுத்துருமாற்றியில் போட்டு ஒவ்வொன்றாக யுனிகோடுக்கு மாற்ற இரண்டு கிழமை எடுத்தது. வேர்ட்டில் செய்த அட்டவணைகள் லிப்ரே ஒபிசில் கொஞ்சம் இடம் மாறின. அப்பா விளையாடுகிற கேம் ஒன்று ஓடவில்லை, இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

அம்மாவின் கேள்விக்கு இப்போது ஒரு பதில் இருக்கு. ஓம் அம்மா, அது எங்களுடையது இல்லைத்தான். ஆனால் அப்பாவிடம் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. கடையில் வேறொன்று இருக்கவில்லை, பில்லில் அதற்கு வரி இருக்கவில்லை, அவர் வளர்ந்த காலத்தில் 'ஒரிஜினல்' என்ற சொல்லே இருக்கவில்லை. எங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை. எங்களுக்குத் தெரியும், தேடலாம், தெரிவு செய்யலாம்.

இதைச் சொன்னபோது அம்மா கொஞ்சம் நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகு, பக்கத்து வீட்டுப் பிள்ளை உயர்தரம் எடுக்கிறாள், அவளின்ர கணினியும் இப்படித்தான் நிக்குதாம் என்றா.

"இந்தப் பென்டிரைவை அவளுக்குக் குடுக்கலாமோ? கொப்பி அடிச்சால் பிழை இல்லையோ?"

"இல்லை அம்மா. இதுக்குக் கொப்பி அடிக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கு."

அடுத்த நாள் பின்னேரம் அம்மாவே கொண்டுபோய்க் குடுத்திட்டு வந்தா.